வா, போ, தூக்கு

வடக்கே லாரி ஓட்டியும் ரிக் வண்டியில் போர்வெல் போட்டும் ஊர் திரும்பிய அண்ணன்மார்களுக்கும் மாமன்மார்களுக்கும் வணக்கமுங்க.

போன மாசம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். சாயங்காலம் மளிகைக் கடையில் நின்றிருந்தபோது, பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்கிற பையன் ஒருவன் வந்தான். இருபது வயசு இருக்கும். கடைக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊரில் 'ஆத்தா' என்று சொல்லாமல் அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பையன் இரண்டு கையையும் கூப்பி, லேசாகக் குனிந்து, முகம் நிறையச் சிரிப்போடு சொன்னான்: "ஏய், எண்ணெய் எடு. சீக்கிரம் எடு."

ஆத்தா எடுக்கவில்லை. "யாருகிட்டடா பேசற? உங்கூர்ல பெரியவங்களுக்கு இதுதான் மரியாதையா?" என்று பிடித்துக்கொண்டார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பணிவு போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் மெதுவாக, குரலைத் தழைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான்: "ஏய், எடு."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு நடக்கிற வழியில்தான் சிரிப்பு கசந்தது. அந்தப் பையன் தமிழை எங்கே படித்தான்? பண்ணையில். யாரிடம்? சூப்பர்வைசரிடம். விடிகாலை நான்கு மணியிலிருந்து அவன் காதில் விழுகிற தமிழ் என்ன? வா. போ. எடு. தூக்கு. கூட்டு. ஏய். சீக்கிரம். கெட்ட வார்த்தை நாலு. நாம் கொடுத்த தமிழ் அவ்வளவுதான். அதை அவன் கைகூப்பித் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொள்ள நமக்குக் கசக்கிறது.

இதை ஏன் பண்ணைக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பண்ணைக்காரர்களுக்கு எழுதினால், வேலை நடந்தால் போதும் கண்ணு என்று சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. நீங்கள் அந்தப் பையனாக இருந்தவர்கள்.

டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று எண் போட்ட வண்டிகள் ஓடாத சாலை வடக்கே உண்டா? திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் நின்று பாறையைக் குடைந்திருக்கிறது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி போகாத மாநிலம் இல்லை. மாசக்கணக்கில் வெளியே கிடந்தீர்கள். வண்டிக்குக் கீழே ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கித் தின்றீர்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் டிரான்ஸ்போர்ட் நகர்களில் நாள்கணக்காக, குளிக்கத் தண்ணி தேடி அலைந்தீர்கள். மொழி தெரியாத ஊரில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை.

எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் நேஷனல் பெர்மிட் லாரியில் இருந்தார். அவர் சொன்ன கதை ஒன்று. கிளீனராகப் போன புதிதில் அவருக்குத் தெரிந்த இந்தியெல்லாம் தாபாக்களிலும் லோடு இறக்குகிற இடங்களிலும் பொறுக்கியது. அந்த இடங்களில் யாரும் யாரையும் 'ஆப்' (நீங்கள்) என்று அழைப்பதில்லை. எல்லாம் 'தூ'தான். அதாவது நம் 'நீ'யிலும் கீழே போகிற 'நீ'. ஒரு செக்போஸ்ட்டில் அதிகாரி பேப்பர் கேட்டபோது, அப்பா ரொம்ப மரியாதையாக நினைத்துக்கொண்டு, 'தூ' போட்டுப் பேசிவிட்டார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். என்ன தப்பு செய்தோம் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த வண்டியிலிருந்து இறங்கிய சர்தார்ஜி டிரைவர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தாராம்: "ஆளைப் பார்த்தா 'ஆப்' சொல்லு. கடைசியில ஒரு 'ஜி' போடு. காசு கேக்க மாட்டாங்கன்னு சொல்லலை. அடிக்க மாட்டாங்க."

அந்த சர்தார்ஜியின் பேர் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசாத தீபாவளி கிடையாது. உங்களில் ஒவ்வொருத்தருக்கும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். போபாலிலோ ராய்ப்பூரிலோ கட்டக்கிலோ, சொல்லை மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்த ஒருத்தர்.

இப்போது நம் ஊருக்கு வந்திருக்கிற பையன்களுக்கு அந்த ஒருத்தர் யார்?

மரியாதை தெரியாத ஊர்களிலிருந்து அவர்கள் வரவில்லை. இது உங்களுக்கே நன்றாகத் தெரியும். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படி. போஜ்புரிக்காரர் பெரியவர்களை 'ரவுவா' என்பார். மைதிலியில் அதற்குத் தனிச் சொல் உண்டு. போஜ்புரி ஊர்களில் வீட்டுக்குப் பெரியவர் வந்தால் 'கோட் லாகி' என்று காலைத் தொடுவார்கள். 'கோட்' என்றால் கால். நம்மிடம் காலில் விழுவது கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் உரியது. அவர்களுக்கு அது காலை வணக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், முதல் சம்பளம் வாங்கிய பையன் முதலாளியின் அம்மா காலைத் தொடப் போக, அந்த அம்மா பதறி இரண்டடி பின்னால் நகர்ந்து, "என்ன சாமி, ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டியா?" என்று கேட்டார்களாம்.

உறவுச் சொற்கள் படுத்துகிற பாடு இன்னும் பெரிது. பீகார்ப் பையன் முதலாளியைப் 'பய்யா' என்கிறான். அவனுக்கு அது அண்ணன். நம் காதில் 'பையா' என்று விழுகிறது. இவன் யார் என்னைப் பையன் என்று கூப்பிட என்று கோபம் வருகிறது. வங்காளத்துக்காரன் 'தாதா' என்கிறான். அவன் ஊரில் அதுவும் அண்ணன்தான். இந்திக்காரனுக்கு அது அப்பாவைப் பெற்ற தாத்தா. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கோ அது கத்தி வைத்திருக்கிற ஆள். ஒரே கொலுசுப் பட்டறையில் இந்த மூன்று பேரும் உட்கார்ந்து வெள்ளி ஊதிக்கொண்டிருந்தால், ஒரு 'தாதா'வுக்கு மூன்று தலை திரும்பும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் பார்க்கலாம்.

அதேபோல, நாம் அவனைத் 'தம்பி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அது மரியாதைச் சொல் என்று நினைத்து, அறுபது வயசுக் கண்டக்டரையும் 'தம்பி' என்று கூப்பிடுகிற பையன்களைச் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். கண்டக்டர் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கு என்கிறார்கள்.

இதில் நம் பங்கை மறைக்கக் கூடாது. நம் பக்கத்து 'ங்க' எவ்வளவு பெரிய சொத்து! ஆமாம் என்று சொல்வதற்கே மரியாதை ஒட்டுகிற ஊர் இது: 'ஆமாங்க', 'இல்லீங்க', 'சரிங்க'. கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கொஞ்சுகிறோம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கே முதலில் ஒரு திகைப்பு வரும். ஆனால் இந்த 'ங்க' எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னால் அது பொய். எழுபது வயசு ஆளை, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துவிட்டு, பத்து வயசுப் பையன் 'வா, போ' என்று கூப்பிட்ட ஊரும் இதுதான். அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. போக ஆரம்பித்த நேரத்தில், 'வா போ' என்று நாம் கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய புது ஆள்கள் ரயிலேறி வந்து சேர்ந்தார்கள். காலியான இடத்தில் அவர்களை உட்கார வைத்துவிட்டோம். எனக்கு இதைப் பார்க்கத்தான் ரொம்ப வலிக்கிறது.

பெயர் விஷயம் ஒன்றையும் உங்களிடம்தான் பேச முடியும். வடக்கே உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? 'மதராசி'. சேலத்துக்காரரானாலும் கொல்லத்துக்காரரானாலும் பெல்லாரிக்காரரானாலும் மதராசி. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அப்பாவின் உதடு ஒரு பக்கம் கோணும். இப்போது நாம் 'வடக்கன்' என்கிறோம், 'இந்திக்காரன்' என்கிறோம். வந்திருக்கிறவர்களில் ஒடியாக்காரர் இருக்கிறார். அசாமியர் இருக்கிறார். ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி பேசுகிறவர் இருக்கிறார். மைதிலியும் சந்தாலியும் 2003-இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில், தமிழ் இருக்கிற அதே பட்டியலில், ஏறிவிட்டன. சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய தனி எழுத்தே இருக்கிறது. அந்தப் பையனுக்கு இந்தி நமக்கு இங்கிலீஷ் மாதிரி. அதைப் பேசுவதால் இந்திக்காரன் என்றால், ரிக்கில் போன நீங்களும் இந்திக்காரர்தான்.

சேலத்துக்கு இதெல்லாம் புதுசா? அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். தேவாங்கர் தெருக்களில் கன்னடமும் தெலுங்கும். உருது வீடுகள், மார்வாடிக் கடைகள். ஆடி மாசம் குகையில் வண்டி வேடிக்கை பார்க்க நெரிசலில் நிற்கிறவர்களின் வீட்டுப் பேச்சை எடுத்துப் பார்த்தால் நாலைந்து மொழி தேறும். அவர்களில் யாரையும் இன்றைக்கு வெளியூர்க்காரர் என்று சொல்லத் தோன்றாது. அவர்களும் ஒரு காலத்தில் வண்டி கட்டி வந்தவர்கள்தான்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் வாடகை வீட்டுச் சண்டைகளில் பாதி, எண்ணெய் நாற்றத்தில் ஆரம்பிக்கிறது. அவர்கள் கடுகெண்ணெயைப் புகைய வைத்துத்தான் தாளிப்பார்கள். கடலை எண்ணெய்க்குப் பழகிய நம் மூக்குக்கு அது ஆகாது. ஆனால் அப்பா சொல்வார்: நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் நம் ஆள்கள் பெருங்காயம் போட்டு ரசம் வைத்தபோது, பக்கத்து வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை நகர்த்தினார்களாம். வடக்கே இருக்கிறவர்கள் எல்லாம் சப்பாத்திதான் தின்பார்கள் என்று நினைக்கிறோம். ஒடிசாவிலும் வங்காளத்திலும் அசாமிலும் மூன்று வேளையும் சோறு கிடைத்தால் சந்தோஷம். நம் பழைய சோறுதான் ஒடியாக்காரரின் பகாளா. மார்ச் 20-ஐப் 'பகாளா நாள்' என்று வைத்துக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்த்தா பாத். பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொள்வதுகூட ஒன்றுதான். ஒரே பாறையில் வேலை செய்கிற இரண்டு பேர், தூக்குப்போசியைத் திறக்கிற வரைக்கும் வேற்றாளாக இருந்துவிட்டு, திறந்ததும் சிரித்துக்கொண்ட கதையை ஒரு ரிக் அண்ணன் எனக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது ரிக்கில் ராடு மாற்றுகிறவர்களில் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பையன்கள் நிறைய. வண்டி நம்முடையது, கை அவர்களுடையது.

ஜவ்வரிசி விஷயம் தனி. நம் ஊரில் குச்சிக்கிழங்கு நட்டு, சேகோ பேக்டரியில் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போட்டு மூட்டை பிடிக்கிறோம். 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே இந்த மூட்டைக்கு நியாயமான விலை கிடைக்கத்தான். 2023-இல் 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் நாம் எவ்வளவு தின்கிறோம்? கல்யாணத்தில் ஒரு கரண்டி பாயசம், சித்திரை வெயிலில் நாலு படி வத்தல். மிச்சமெல்லாம் வடக்கே. அங்கே அது சாபுதானா. நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் அரிசியும் கோதுமையும் தொடாமல் விரதம் இருக்கிறவர்கள், வேர்க்கடலைப் பொடி தூவிக் கிச்சடியாகவோ வடையாகவோ சாப்பிடுவது இதைத்தான். நமக்கு விருந்து, அவர்களுக்கு விரதம்.

அப்பா இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு கொண்டு போனபோது ஒரு நவராத்திரி. குடோன்காரர் வீட்டுப் பாட்டி, டிரைவர் பசியோடு இருப்பார் என்று ஒரு தட்டு கிச்சடி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்பா வாயில் வைத்துவிட்டு, "இது எங்க ஊரு" என்று மூட்டையைக் காட்டினாராம். பாட்டி நம்பவில்லை. சாமிக்கு ஆகிற பொருள், மரத்தில் முத்துமுத்தாகக் காய்க்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மண்ணுக்குள்ளிருந்து பிடுங்குகிற கிழங்கு என்று அப்பா கையைக் காலை ஆட்டி விளக்க, வீடே கூடி நின்று கேட்டதாம். இப்போது ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ பேக்டரியில் மூட்டை தூக்குகிற பையனின் அம்மா, எங்கோ ஓர் ஊரில் இதே சாபுதானாவை ஊறவைத்துக்கொண்டு இருப்பார். இந்தக் கதையை அவனுக்கு இந்தியில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். எனக்குச் சொல்லத் தெரியாது.

நம் வழக்கங்களில் சிலவற்றை யாராவது அவிழ்த்துச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். 'சாப்டீங்களா?' என்று கேட்டால் அது சாப்பாட்டுக்கு அழைப்பு இல்லை, நலம் விசாரிப்பு. பசித்தாலும் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் கேட்டால் யோசிக்கலாம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால் உட்காரலாம். சீனாவிலும் கொரியாவிலும்கூட 'சாப்பிட்டாயா' என்பது நலம் கேட்கிற பேச்சுத்தான் என்று படித்திருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த பையன் ஒருவன் முதல் கேள்விக்கே "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட, அந்த வீட்டு அம்மா திருதிருவென்று முழித்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவசரமாகத் தோசை வார்த்தார்கள், அது வேறு.

கிளம்புகிறவரை 'எங்க போறீங்க?' என்று கேட்கக் கூடாது, 'தூரமா?' என்றுதான் கேட்க வேண்டும். இதைத் தெரியாமல் கேட்டுவிட்டு, அம்மாயி ஒருவர் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணி குடிப்பதை, என்ன ஆயிற்றோ என்று பயந்து பார்த்துக்கொண்டு நின்ற பையனும் உண்டு.

ஆனால் விடைபெறுகிற வழக்கத்தில் சிலரோடு நமக்கு ஒரே ரத்தம். நாம் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வர்றேன்' என்போம். வங்காளத்துக்காரர் வாசல் தாண்டும்போது 'ஆஷி' என்பார். அதற்கு 'வருகிறேன்' என்று அர்த்தம். ஒடியாக்காரரும் 'ஆசுச்சி', வருகிறேன், என்றுதான் கிளம்புவார். 'போகிறேன்' என்பது கெட்ட சொல் என்ற பயம் அங்கேயும் இருக்கிறது. தன்பாத் எக்ஸ்பிரஸைப் பிடிக்கச் சேலம் ஜங்ஷனுக்குக் கிளம்புகிற பையனிடம், 'போய்த் தொலையட்டும்' என்கிற முகத்தோடு நிற்கிறவர்கள், அவன் தன் பாஷையில் 'வர்றேன்' என்று சொல்லித்தான் போகிறான் என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆடி ஒண்ணாம் தேதி நாம் தேங்காய் சுடுகிறோமே, அதைப் பற்றிச் சென்னைத் தோழிகளிடம் சொன்னால், 'எதுக்கு?' என்கிறார்கள். கண்ணைத் துளைத்து, பச்சைப் பயறும் அவலும் எள்ளும் வெல்லமும் போட்டு, குச்சி சொருகித் தீயில் வாட்டுவதைத் தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் பார்த்ததில்லை. போன ஆடிக்கு எங்கள் வாசலில் தீ போட்டபோது, பண்ணையில் வேலை செய்கிற வடக்கத்திக் குடும்பத்துக் குழந்தைகள் இரண்டு வந்து நின்றன. ஓடு வெடிக்கிற சத்தத்துக்குக் கை தட்டின. அவர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீபாவளி அமாவாசை முடிந்து ஆறாம் நாள் நமக்குச் சூரசம்ஹாரம். கபிலர்மலை முருகனுக்கு விரதம் இருந்து, ஆறு நாள் பாலும் பழமுமாக ஓட்டுகிற அக்கா ஒருவர் எனக்குத் தெரியும். அதே சஷ்டி திதியில்தான் பீகார்க்காரர்களின் சட் பூஜை. சில வருஷம் ஒரு நாள் முன்பின்னாக வரும். 2024-இல் இரண்டும் நவம்பர் 7-ஆம் தேதியே வந்தன. தண்ணி கூடக் குடிக்காமல் முப்பத்தாறு மணி நேரம் இருந்து, ஆற்றிலோ குளத்திலோ இடுப்பளவு தண்ணியில் நின்று, மறைகிற சூரியனையும் மறுநாள் உதிக்கிற சூரியனையும் கும்பிடுகிறார்கள். மூங்கில் முறத்தில் கரும்பும் வாழைப்பழமும் தேங்காயும். முறம் என்றால் நம் முறமேதான். போன வருஷம் எங்கள் ஏரிக்கரையில் நாலைந்து குடும்பம் இதைச் செய்தார்கள். ஊர்ப் பையன்கள் சிலர் வீடியோ எடுத்துக் கிண்டலடித்தார்கள். சஷ்டி விரதம் இருக்கிற அந்த அக்கா மட்டும், பக்கத்தில் போய், ஜாடையிலேயே 'நானும் விரதம்' என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்கள் அவருக்குக் கோதுமை மாவில் வெல்லம் போட்டுச் சுட்ட டேக்குவா கொடுத்தார்கள். அக்கா பாரணை முடித்துத்தான் தின்றார்.

பேச்சு இல்லாத இடத்தில் என்ன நுழையும் என்பதை 2023-இல் பார்த்துவிட்டோம். அந்த மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போனில் பரவின. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரிக்க வேண்டிய அளவுக்குப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகக் கிளம்பியவர்களையும், பயந்து ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள். உள்ளூரில் நம்பிக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால், ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்த அம்மாவுக்கு அந்தப் பையன் தைரியம் சொல்லியிருப்பான். அதே வருஷம் மே மாசம், நம் ஜேடர்பாளையம் பக்கம் வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் மேல் தீ வைத்தார்கள். ஒருவர் இறந்தார்.   அது பொய் வீடியோ இல்லை.

எல்லாப் பிழையும் நம் பக்கம் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, கைனிப் புகையிலையை மென்று துப்பிச் சுவரைக் கெடுப்பது, இதையெல்லாம் சொல்லித் திருத்தத்தான் வேண்டும். ஆனால் சொல்லுவதற்கு ஒரு மொழி வேண்டுமே. கையை ஓங்குவதைத் தவிர வேறு மொழி இல்லாத இடத்தில் பாட்டு நிற்காது. உங்களில் ஒருத்தர் போய், "பய்யா, தோடா தீமே" (கொஞ்சம் மெதுவாக) என்று சொன்னால் நின்றுவிடும். எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன ரிக் மாமா ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார். அடுத்த வாரம் அந்தப் பையன்களே வந்து அவர் வீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் எப்படியும் உட்காரத்தானே போகிறீர்கள். பக்கத்தில் நிற்கிற பையனை உட்காரச் சொல்லுங்கள். அவன் பேர் என்னவென்று கேளுங்கள். சொல்ல வராவிட்டால், ராஜு என்று புதுசாக ஒன்று வைக்காமல், வருகிற வரைக்கும் சொல்லிப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுங்கள்: 'வாங்க', 'குடுங்க', 'சொல்லுங்க', 'வேணாங்க', 'எவ்வளவுங்க', 'ஆமாங்க', 'தெரியலீங்க', 'மெதுவாச் சொல்லுங்க', 'சம்பளம் இன்னும் வரலீங்க', 'போயிட்டு வர்றேனுங்க'. பத்து வாக்கியம். ஒன்பதாவதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். பண்ணையிலும் பட்டறையிலும் மகனோ மருமகனோ மேஸ்திரியாக இருந்தால், அவர்களுக்கு முதல் மூன்று போதும்.

ஆத்தா கடையில் அன்றைக்குப் பேச்சு வாங்கிய பையன் இப்போது அங்கே வருவதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக் கடைக்குப் போகிறான். அங்கே பொருளைக் கையால் எடுத்துக் காசு கொடுத்துவிடலாம், பேச வேண்டியதில்லை. அவனை ஒரு நாள் ஆத்தாவிடம் கூட்டிக்கொண்டு போங்க. நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் நில்லுங்க. அவனே கேட்கட்டும்.

இப்படிக்கு,
சங்ககிரி லாரிக்காரர் ஒருவரின் மகள்